கேக்கில் எழுதிய பெயர்

"குழந்தைக்கு என்ன பேர்?" என்று பாதிரியார் கேட்டார்.

எங்கள் ஐஸ்லாந்தில் ஞானஸ்நானம் வரைக்கும் பேரை வெளியே விடமாட்டோம். பெற்றவர்கள் வாயைத் திறக்கும்வரை தாத்தாவுக்குக்கூடத் தெரியாது.

ஆனால் இந்தத் தடவை ஊருக்கே தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம். திரீவாவின் அண்ணன் ஆரி, இறங்கி வராத ஆடுகளைத் தேடி மலைக்குப் போனவன், சில வருஷத்துக்கு முன்னால் பனிப்புயலில் காணாமல் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவளுக்கு முதல் பையன் பிறந்திருக்கிறான். செத்துப்போனவன் பேரை வைக்காமல் வேறு எதை வைப்பாள்?

"ஃபுந்தின்," என்றாள் திரீவா.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். முன்வரிசையில் அவள் அப்பா கிரீமுருக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. எனக்கே சுருக்கென்றது. அதெல்லாம் ஒரு பேரா? எங்கள் பேச்சில் அது சும்மா அன்றாடச் சொல். காணாமல் போன ஆடு, கையுறை, சாவி, எது திரும்பக் கிடைத்தாலும் 'ஃபுந்தின்' என்போம். அந்த மாதிரிப் பேரெல்லாம் பழங்கதையில் வரும் தாடிக் குள்ளர்களுக்குத்தான் பொருந்தும்.

பக்கத்து ஹாலில் காபி ஊற்றுவதற்குள் கிரீமுர் ஆரம்பித்துவிட்டார். மேஜை நடுவில் அவரே சொல்லிச் செய்யவைத்த பெரிய கேக் இருந்தது. அதில் நீல க்ரீமில் 'ஆரி' என்று எழுதியிருந்தது.

"யாரோட யோசனை இது? இவனோடதுதானே?" மருமகன் ஸ்டிர்மிரைக் கைநீட்டிக் காட்டினார். "நாள் பூரா கம்ப்யூட்டர் விளையாட்டுக்குக் குள்ளன் பொம்மை வரையறவன். என் பேரனையும் அந்தக் கூட்டத்துல சேர்த்துட்டான்."

"அப்பா, மெதுவா பேசுங்க."

"எதுக்கு மெதுவா பேசணும்? கண்டெடுத்த பிள்ளைங்கற மாதிரி இருக்கு. நாளைக்கு ஸ்கூல்ல பசங்க, 'உன்னை எந்தக் குப்பையிலடா கண்டெடுத்தாங்க'ன்னு கேட்பானுங்க. புதுப் பேருக்கெல்லாம் அனுமதி கொடுக்கற அரசாங்கப் பெயர்க் கமிட்டி வேற இதுக்குச் சரின்னு சொல்லிடுச்சாக்கும்."

"உங்க பேருக்கு முகமூடின்னு அர்த்தம். அதுக்காக உங்களை யாராவது திருடன்னு கூப்பிட்டாங்களா?" என்றாள் திரீவா.

இரண்டு பேர் காபிக் கோப்பைக்குள் சிரித்தார்கள். அது கிரீமுரை இன்னும் கிளப்பிவிட்டது.

"பேருக்கு அர்த்தமா? முதல்ல உன் புருஷன் பேருக்குப் பாரு. ஸ்டிர்மிர். புயலாம். நிஜப் புயல் அடிச்சப்ப என் பையனை மலையிலேயே விட்டுட்டு வந்த புயல்."



அநியாயமான பேச்சு. தேடப் போன தொண்டர்களில் ஸ்டிர்மிரும் ஒருத்தன். தினமும் சாயந்திரம் மலையிலிருந்து கிரீமுர் வீட்டுச் சமையலறைக்கு வயர்லெஸ் ரேடியோவில் பேசினது அவன்தான். தேடலை நிறுத்துகிறார்கள் என்று வாசலில் வந்து நின்று சொன்னதும் அவன்தான். மற்றவர்களுக்கு அந்தத் தைரியம் இல்லை. பனிக்கு இரண்டு கால்விரலைக் கொடுத்துவிட்டு வந்தவன். இதெல்லாம் கிரீமுருக்கும் தெரியும். ஆனால் மலையைப் பிடித்துத் திட்ட முடியாதே, அதனால் மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஆரின்னு வச்சா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோயிடும்?" என்றார். "கழுகு. எவ்வளவு நல்ல பேரு. ஊர்ல ஒரு நாதியத்தவனுக்குக்கூட அவன் பேரைச் சொல்ல ஒரு பிள்ளை இருக்கு. என் பையனுக்கு இல்லை."

திரீவாவுக்கும் அத்தோடு பொறுமை போய்விட்டது.

"வச்சிருந்தா என்ன ஆகும் தெரியுமா? நீங்க ஆரின்னு கூப்பிடுவீங்க. இவன் ஓடி வருவான். நீங்க இவன் முதுகுக்குப் பின்னால அண்ணனைத் தேடுவீங்க. இன்னிக்கு வரைக்கும் சமையல் ரூம்ல அந்த ரேடியோவை அணைச்சீங்களா நீங்க?"

"ரேடியோவைப் பத்திப் பேசாதே."

"பேசுவேன். ராத்திரியெல்லாம் அது இரையுது. அம்மா அதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்கறாங்க."

கிரீமுர் மேஜைக்குப் போனார். கேக்கைத் தட்டோடு தூக்கினார்.

"என் பையன் பேரை இந்த இடத்துல யாரும் வெட்டித் திங்க வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன்."

பாதிரியார் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். "நீங்க காபியைக் குடிங்க," என்று அவரிடமும் எரிந்துவிழுந்துவிட்டு கிரீமுர் விறுவிறுவென்று கதவுக்கு நடந்தார். நல்லவேளை, போய்த் தொலையட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கதவருகில் குழந்தையோடு ஸ்டிர்மிர் நின்றிருந்தான். காலையிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை.

"வழி விடுடா."

"மாமா, ஒரு நிமிஷம். மலையிலேருந்து தினமும் உங்ககிட்டப் பேசினேன். ரேடியோவுல என்ன கேட்கறதுக்காக உட்கார்ந்திருந்தீங்கன்னு எனக்குத் தெரியும்."

கிரீமுர் நின்றார்.

"அந்த ஒரு வார்த்தையைக் கடைசி வரைக்கும் என்னால சொல்ல முடியலை."

திரீவா வந்து அப்பா கையிலிருந்த கேக்கை வாங்கிக்கொண்டாள். காலியான கைகளில் ஸ்டிர்மிர் குழந்தையை வைத்தான்.

"ஃபுந்தின்," என்றான். "கிடைச்சுட்டான், மாமா."

கிரீமுர் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். நிமிர்ந்து, கோபம் கொஞ்சமும் குறையாமல் மருமகனைப் பார்த்துக் கத்தினார்.

"இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷமாடா?"