திருநீற்றுப் பொட்டலம்

“கேஸை வாபஸ் வாங்கணுமா? பிறகு சட்டம் என்னத்துக்கு இருக்கு?”

பாறசாலை ஒர்க்‌ஷாப்பில் சொக்கநாதன் போட்ட சத்தத்தில், பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து வந்தார்கள்.

எதிரே கையில் கட்டுடன் அகிலேஷ். முந்தாநாள் ரோட்டு வளைவில் அவருடைய காருக்குப் பின்னால் பைக்கைக் கொண்டுபோய் இடித்தவன்.

அவன் அப்பா கருணாகரன் கும்பிட்டார். “சாரே, மவனுக்கு மஸ்கட்டுல வேலை சரியாயிருக்கு. கேஸ் இருந்தா போலீஸ் சர்டிபிகேட் கிட்டாது. விசா போயிரும்.”

“நான் பிரேக் போட்டேன். இவன் கண்ணு போன்ல இருந்திருக்கும்.”

“போன் பையில இருந்துச்சு சாரே. உங்க பிரேக் லைட்டு எரியல்ல,” என்றான் அகிலேஷ்.

“கேட்டியளா! இவன் இடிச்சு ஒயர் அறுந்து கிடக்கு. முன்னமே எரியல்லங்கான்!”

கூட்டம் சிரித்தது. “எலே, சாரு ரோடு பாதுகாப்பு சங்கத்துக்க தலைவராக்கும். அவருகிட்டயா?” என்றார் ஒருவர்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வருகிறார். அதற்குள் லைட் எரிந்தாக வேண்டும். மெக்கானிக் சஜி காருக்குள் தலைகீழாகக் கிடந்து, பிரேக் பெடலுக்கு மேலே டெஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒயர் அறல்ல சாரே. சுவிட்சுதான் கேடு. பெடல் தட்டுற ரப்பர் பொடிஞ்சு போச்சு. மிதிக்காட்டாலும் பின்னாடி கரண்டு போய்க்கிட்டே இருக்கு. லைட்டு ராப்பகலா எரிஞ்சிருக்கணுமே. பேட்டரி இறங்கல்லியா?”

“போன வாரம் ரெண்டு தடவை இறங்கிச்சு. பிறகு இல்ல.”

“யாரு பாத்தா?”

“இதுக்கெல்லாம் ஆளு எதுக்கு? நானே சரி...”

சொக்கநாதன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சஜி பின்னால் போய் விளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தான். திரும்பி வந்து டேஷ்போர்டைத் திறந்தான். கோயில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று இருந்தது. எடுத்தான், கனம் பார்த்தான், சொக்கநாதன் கையில் வைத்தான்.

“நாளைக்கு இன்ஸ்பெக்டருக்கு இதையும் காட்டட்டா சாரே?” என்று அவர் காதோடு கேட்டான்.

சொக்கநாதன் சட்டென்று அகிலேஷ் பக்கம் திரும்பினார். குரல் கனிந்தது.

“போட்டும் மக்கா. சின்னப் பிராயம், தெரியாம செஞ்சுட்டே. நான் மன்னிச்சாச்சு. கேஸ் வேண்டாம்.”

“இதாக்கும் பெரிய மனசு!” என்றது கூட்டம்.

“நான் என்ன செஞ்சேன்...” என்று ஆரம்பித்த அகிலேஷின் தலையைக் கருணாகரன் அமுக்கினார். “வாயை மூடு. சாருக்க காலைத் தொடு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சாரே, அந்தத் திருநீற்றை உங்க கையாலயே இவன் நெத்தியில பூசிவிடணும்.”

“பிறகு... பிறகு ஆவட்டும்.”

கருணாகரன் விடவில்லை. இரண்டு கையாலும் பொட்டலத்தை வாங்கி, பயபக்தியோடு பிரித்தார்.

உள்ளே, திருநீறு பூசிக்கொண்டு, இரண்டு பிரேக் லைட் பல்புகள்.