கோபிநாத்தின் கால்

கோபிநாத்தை எப்படி மூடினாலும் கால் மட்டும் வெளியே தெரிந்தது. சந்திரமோகனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"இன்னாங்க, இன்னும் மறையலியா? ஜல்தியா முடிங்க, நாலு மணிக்குத் துரைக்கண்ணு முதலாளி வந்துடுவாரு" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள் ஸ்வர்ணலதா.

பயப்படாதீர்கள், கொலையெல்லாம் ஒன்றும் இல்லை. கோபிநாத் என்பது மஞ்சள் துணிப்பையில் அச்சடித்திருந்த பெயர். வெளியே தெரிந்தது அதிலுள்ள 'நா'வின் கால். இரண்டாயிரத்துத் தை மாசக் கல்யாணம் ஒன்றுக்கு, ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற தன் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் சந்திரமோகனே அச்சடித்த தாம்பூலப் பை அது. 'ஸ்வர்ணலதா – கோபிநாத்' என்று ஐந்நூறு பை. கல்யாணம் நின்றுபோனது. பைகள் மூன்று வருஷமாகப் பரணில் கிடந்தன.

இப்போது அவற்றுக்கு ஒரு வேலை வந்திருந்தது. பட்டுப் புடவையைப் பாலித்தீன் கவரில் போட்டு வைத்தால் உள்ளே வேர்த்து ஜரிகை கறுத்துப்போகிறது. துணிப்பையில் போட்டால் புடவைக்கும் நல்லது, சாக்கடையும் அடைக்காது என்று ஸ்வர்ணலதா கடை கடையாக ஏறி இறங்கினாள். பட்டுக்கடைத் துரைக்கண்ணு ஒருவர்தான் காதுகொடுத்துக் கேட்டார்.

"வெறும் பையக் குடுத்தா மஞ்சப்பையின்னு சிரிப்பாங்கம்மா. பளிச்சின்னு ஒரு பேரு, ஒரு சின்னம் போட்டுக் காட்டு. புடிச்சிருந்தா நாளையிலேர்ந்து பாலித்தீன எடுத்துடறேன். புடிக்கலன்னா இந்தப் பேச்சே வேணாம்."

பேர் வைத்தது சந்திரமோகன்: 'மடிப்பு'. சின்னமும் அவன் போட்டதுதான். மடித்து வைத்த புடவை மாதிரி அரக்கு நிறத்தில் ஒரு பெரிய கட்டம், அதற்குள் எழுத்து மட்டும் மை படாமல் மஞ்சளாகத் தெரியும். பழைய பெயர்கள் இரண்டும் அரக்குக்கு அடியில் போய்விட வேண்டும். எல்லாம் போய்விட்டது, மை படாத 'டி' எழுத்தின் வழியாக எட்டிப் பார்த்த அந்த ஒரு காலைத் தவிர.

அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் இருந்தது. ஏனென்றால், அந்தக் கல்யாணத்தை நிறுத்திய பாவி அவன்தான்.

கல்யாணப் பைக்கு டிசைன் பார்க்க அவள் நாலு தடவை வந்து போனதில் இவன் மனசு பறிபோய்விட்டது. நேரில் சொல்லத் தைரியம் இல்லை. மொட்டைக் கடுதாசி எழுத மட்டும் தைரியம் இருந்தது! 'பெண்ணுக்கு வேறு இடத்தில் விருப்பம்' என்று ஓர் இன்லேண்டு லெட்டரில் எழுதி, ஒட்டி, வந்தவாசி மாப்பிள்ளை வீட்டு விலாசமும் போட்டு மேஜைமேல் வைத்தான். அன்று சாயங்காலம் பார்த்து அவள் சிரித்த முகமாக வந்து, அப்பாவிடம் காட்டணும் என்று ப்ரூஃப் தாள்களை வாரிக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பு அவனைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை கிழித்துப்போடத் தேடினால் கடுதாசியைக் காணோம். அழைப்பிதழும் பில்லும் தபாலும் ஒரே குவியலாகக் கிடக்கிற மேஜை. கடைத் தபாலோடு போய்விட்டது என்று தலையில் அடித்துக்கொண்டான். பத்தாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து நிச்சயத்தை முறித்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் 'மோகண்ணா' என்பார்கள். இவள் மட்டும் 'இன்னாங்க' என்று மொட்டையாகக் கூப்பிடுவாள். சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பயந்து சாவான்.

அச்சுச் சட்டத்தை ஒரு விரல்கடை கீழே இறக்கி, மை ஊற்றி, வேறொரு பையில் இழுத்தான். இந்தத் தடவை கால் மறைந்தது. மங்களகரமான மஞ்சளில் 'மடிப்பு' பளிச்சென்று நின்றது.

"அப்பாடா, ஒழிஞ்சாரு மாப்ள!" என்று பையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள் ஸ்வர்ணலதா. "முதலாளி வாயத் தொறக்க மாட்டாரு பாருங்க. கீழ் மூலையில சின்னதா உங்க பேரையும் போட்டுடுங்க."

"என் பேரு எதுக்குங்க?"

"கல்யாணம் நின்னப்போ ஊரே இன்னா இன்னாவோ பேசிகினு இருந்திச்சி. ஒரு வார்த்த தப்பாப் பேசாத மனுஷன் நீங்க ஒருத்தருதான். நல்லவங்க பேரு இருக்கட்டுமே."

அவன் மைக் குவளையைக் கீழே வைத்தான். இனிமேலும் மறைத்தால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றிவிட்டது. இந்த வேலையை அவள் பிடுங்கிக்கொண்டு போனாலும் சரி, காறித் துப்பினாலும் சரி.

"நான் நல்லவன் இல்லீங்க. அந்த மொட்டக் கடுதாசிய எழுதுனவன் நான்தான். உங்களுக்கு வேற எடத்துல விருப்பம்னு வாய்கூசாம பொய் எழுதிட்டேன். கிழிச்சிப் போட்டுடலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள தபால்ல போயிடுச்சி. செருப்பால அடிங்க, வாங்கிக்கிறேன்."

அவள் மை காய்ந்துவிட்டதா என்று பையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"இத்தச் சொல்றதுக்கு மூணு வருஷமா உங்களுக்கு?"

"மன்னிச்சிடுங்க. அவ்வளவும் பொய்..."

"பொய்யின்னு உங்களுக்கு யாரு சொன்னது? ப்ரூஃப் தாளோட வந்தத பிரிச்சிப் படிச்சிட்டு, திரும்ப ஒட்டித் தபால்ல போட்டதே நான்தாங்க."