இறுகிய மூடி

அண்ணன் லாரி டயருக்குக் காற்றடிப்பவன். தம்பி வீடுவீடாகக் கேஸ் சிலிண்டர் சுமப்பவன். வாசல் கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்ற சண்டையில் இரண்டு மாதமாக இருவரும் பேசுவதில்லை. நாளை தம்பி வேறு வீட்டுக்குப் போகிறான்.

"போறதுக்கு முன்னாடி இதைத் திறந்து குடுங்க தம்பி," என்று எவர்சில்வர் டப்பாவை நீட்டினாள் அண்ணி.

தம்பி இழுத்தான். முகம் சிவந்ததே தவிர மூடி அசையவில்லை.

"மூணு சிலிண்டரை ஒண்ணாத் தூக்குற உன் கொழுந்தனுக்கு மூடி கனக்குதாமா?" என்று மனைவியிடம் கேட்டான் அண்ணன்.

"முடிஞ்சா அவரைத் திறக்கச் சொல்லுங்க அண்ணி!"

அண்ணன் பல்லைக் கடித்தான். மூடிக்குப் பல் இருந்திருந்தால் அதுவும் கடித்திருக்கும். இருவரும் விடுவதாக இல்லை. அரை மணி நேரத்தில் ஒருவன் டப்பாவையும் மற்றவன் மூடியையும் பிடித்துக்கொண்டு, எதிரெதிராகக் காலை ஊன்றி நின்றார்கள்.

"டேய், கெட்டியாப் புடிடா!"

"புடிச்சிருக்கேன், நீ இழுண்ணே!"

கை வழுக்கி ஆளுக்கொரு மூலையில் விழுந்த பிறகுதான், பேசிவிட்டது உறைத்தது. சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

அண்ணி டப்பாவைக் கொதிக்கும் நீரில் வைத்தாள். இரண்டே நிமிடத்தில் மூடி தானாக விட்டுக்கொடுத்தது.

தம்பி எட்டிப் பார்த்தான். "உள்ள ஒண்ணுமே இல்லையே அண்ணி!"

"காலையில கொதிக்கிற தண்ணியை ஊத்திக் கொட்டிட்டு, ஆவி பறக்கப் பறக்க நான்தான் மூடி வச்சேன். ஆறினதும் ஆவி தண்ணியாச் சுருங்கி, மூடி கப்புனு புடிச்சுக்கிச்சு."

அண்ணி டப்பாவைத் துடைத்தாள்.

"இன்னும் போறேன்னா சொல்லுங்க தம்பி. இதைவிடப் பெரிய டப்பா வச்சிருக்கேன்."