பவுல்ராஜ் போட்ட கமெண்ட்

“ஏனுங்க, மனுசன் எழுதுற எழுத்தாங்க இது?”

மெட்டில்டா தன் செல்போனைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். பவுல்ராஜ் ஜன்னலுக்கு வெளியே இறங்கிக்கொண்டிருந்த மூடுபனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“‘இதெல்லாம் ஒரு படமா? பிரஷ்ஷை அங்கேயே போட்டுட்டு எந்திரிச்சு ஊட்டுக்குப் போ. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிட.’ வயசுப் பொண்ணுகிட்ட இப்படியா பேசுவாங்க? அதுவும் நீங்க?”

அந்த ‘நீங்க’வில்தான் சங்கதியே இருந்தது. முகநூலில் ‘மலைச்சாரல் ஓவியர்கள்’ குழுவில் பவுல்ராஜைப் போலப் பதமாகக் குறை சொல்ல ஆள் கிடையாது. தேயிலை விலை விழுந்து, அவர் டீப் பெட்டிகளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்த குன்னூர் ஃபேக்டரி மூடியதிலிருந்து, மனுஷனுக்கு அந்தக் குழுதான் ஆறுதல். யார் எதை வரைந்து போட்டாலும் முதலில் மனதாரப் பாராட்டுவார். அப்புறம், “என் கண்ணுக்குப் பட்டது, தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க” என்று ஒரே ஒரு திருத்தம் சொல்வார். மயிலைக் காக்கையாக வரைந்து வைத்த புண்ணியவானுக்குக்கூட, “கழுத்துத் திருப்பம் அருமை. தோகைக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாமோ?” என்றுதான் எழுதினார்.

அந்தப் பக்குவத்தைப் பார்த்துத்தான், குழுவை நடத்தும் ஜானகியம்மாள் அவருக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தார். நஷ்டத்தில் போன எஸ்டேட் பங்களாவை ஜானகியம்மாளின் தம்பி ரிசார்ட் ஆக்கியிருந்தார். அங்கே தங்க வருகிறவர்களின் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தர ஆள் வேண்டும். திங்கட்கிழமை சேர வேண்டியது. அது கிடைத்தால் பவுல்ராஜ் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி தேடிப் போக வேண்டாம். மெட்டில்டா மாதா கோயிலில் மெழுகுவத்திகூட ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

“ஜானகியம்மா போன்ல என்ன சொன்னாங்க?”

“குரூப்ல இருந்து எடுத்துட்டாங்களாம். வேலையும் இல்லையாம். நான் பேசறதுக்குள்ள வெச்சுட்டாங்க. திருப்பிக் கூப்பிட்டா எடுக்கறதில்லை.”

“போச்சா? நல்லா வந்த வாய்ப்பை இப்படிக் கெடுத்துக்கிட்டீங்களே.” மெட்டில்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அதை விடு மெட்டில்டா. உன் போன்ல குரூப் இருக்கே. அந்தப் பொண்ணு பதில் ஏதாச்சும் போட்டுச்சா பாரு.”

அந்தப் பொண்ணு கீர்த்தனா. கோத்தகிரிப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் இருப்பவள். கொழுந்து பறிக்க ஆளில்லாமல் அங்கே தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன. இன்று சாயங்காலம் வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து அதைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். ‘பார்த்துப் பார்த்து வரைகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்’ என்று பாதிப் படத்தை முதலில் போட்டிருந்தாள். பனி, செடி வரிசைகள், தூரத்து வரிசையில் ஒரு கறுப்பு நிழல். சற்று நேரம் கழித்து இன்னொன்று போட்டாள். அதில் அந்த நிழல் முன்வரிசைக்கு வந்து, பெரிதாகியிருந்தது.

“எல்லாரும் அந்த நிழலைத்தான் புகழ்ந்திருக்காங்க” என்றாள் மெட்டில்டா. “‘நிழலை முன்னாடி கொண்டாந்தது பிரமாதம், நடுவுல அந்த வெள்ளைக் கீத்து படத்துக்கே உயிர்’னு அழகையா அண்ணன் எழுதியிருக்காரு. உங்களுக்கு மட்டும் என்னங்க வந்துச்சு? பொறாமையா?”

“பொண்ணு பதில் போட்டுச்சா, இல்லையா?”

“இல்லை.”

பவுல்ராஜின் உதடு எதையோ முணுமுணுத்தது. ஜெபம்தான். மெட்டில்டாவுக்குக் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. எழுதிவிட்டு இப்போது வருந்துகிறார் என்று நினைத்தாள்.

“சரி, ஏன் அப்படி எழுதுனீங்க? எங்கிட்டயாச்சும் சொல்லுங்க.”

“இப்பச் சொல்லக் கூடாது. பொண்ணு இன்னும் வெளிய இருக்கோ என்னமோ.”

“அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

அதற்குள் போன் அடித்தது. ஜானகியம்மாள்தான். பவுல்ராஜ் பாய்ந்து எடுத்தார்.

“இப்பத் திருப்திதானுங்களா?” ஜானகியம்மாளின் குரல் வெளியே கேட்டது. “அந்தப் பொண்ணு இப்பத்தான் பேசுச்சு. உங்க கமெண்டைப் படிச்சுட்டு, அழுதுகிட்டே போர்டு, பிரஷ் எல்லாத்தையும் அங்கயே போட்டுட்டு ஊட்டுக்குள்ள போயிருச்சாம். இனி வரையவே மாட்டேங்குது.”

“கதவைச் சாத்திருச்சுங்களா?”

“என்ன கேள்விங்க இது?”

“சாத்திருச்சான்னு மட்டும் சொல்லுங்கம்மா.”

“தாழ்ப்பாளே போட்டுக்கிச்சாம். போதுங்களா?”

பவுல்ராஜ் நாற்காலியில் சாய்ந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“யாரும் கதவைத் திறந்துடாம இருக்கச் சொல்லுங்கம்மா. ஃபாரஸ்ட்காரங்களுக்கும் போன் போடச் சொல்லுங்க. ஆள் வெளிய இருக்கறப்ப அதும் பேரைச் சொல்லக் கூடாதுன்னு எஸ்டேட்டுல ஒரு பழக்கம். சொல்லியிருந்தா பொண்ணு பயந்து கத்தியிருக்கும், அதுவும் பாஞ்சிருக்கும். கோவத்துல எந்திரிச்சுப் போகட்டும்னுதான் அப்படி எழுதுனேன்.”

“எதும் பேரைங்க? அந்தப் படத்துல அப்படி என்னதான் குறை?”

“குறையே இல்லீங்க, அருமையான படம். கண்ணால பார்த்ததை அப்படியே வரைஞ்சிருக்கு” என்ற பவுல்ராஜ், பழக்கதோஷத்தில் குரலைத் தணித்துக்கொண்டார். “என் கண்ணுக்குப் பட்டது, தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. நிழல் வரிசை வரிசையா நடந்து வராதுங்கம்மா. நெஞ்சுல வெள்ளைக் கீத்தோட அந்தப் பொண்ணைப் பார்த்து வந்துகிட்டிருந்தது கரடிங்க.”