காற்று ஒத்துக்கொள்ளாத மோட்டார்

மின்சார பைக்கை எடுக்குமுன் தோளில் கிடக்கும் துண்டால் மோட்டாரை ஒருமுறை துடைத்துவிடுவது 'நிதானம்' அண்ணனின் வழக்கம். பிறகு அந்தத் துண்டை நான்காக மடித்து, மோட்டாரின் பக்கவாட்டில் பதமாகச் செருகிவைப்பார். வீடுகளுக்குப் பொட்டலம் கொண்டுசேர்க்கும் அந்த நிறுவனத்தில் மற்ற ஓட்டுநர்களும் அவரைப் பார்த்து அப்படியே பழகியிருந்தார்கள்.

"புழுதி படாம இருக்கவா அண்ணே?" என்று நிறுவனத்தின் பொறியாளர் ஒருநாள் நெகிழ்ந்துபோய்க் கேட்டார்.

"புள்ளை மாதிரி பாத்துக்கிறோம் சார். காத்து பட்டா அதுக்கு ஒத்துக்காது."

மின்சார பைக்குகள் வந்த புதிதில், இவற்றுக்குப் பெட்ரோல் வண்டிபோல் ஓய்வு தேவையில்லை, பிறகு ஆட்களுக்கு மட்டும் மத்தியான ஓய்வு எதற்கு என்று முதலாளிக்கு யோசனை சொன்னவர் இந்தப் பொறியாளர்தான். முதலாளி மகிழ்ந்துபோய் ஓய்வை ரத்து செய்தார். சில நாட்களிலேயே நண்பகலில் மோட்டார்கள் கொதிக்கத் தொடங்கின. சூடேறிச் சிவப்பு விளக்கு எரிந்தால், அது அணையும்வரை வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும் என்பது முதலாளியே சுவரில் எழுதி ஒட்டிய ஆணை. மோட்டாரின் விலை அவருக்கு மனப்பாடம்.

பொறியாளர் குளிர்விக்கும் தகடுகளை அகலமாக்கிப் பார்த்தார். சிறு விசிறியும் பொருத்தினார். பட்டறையில் சமர்த்தாகக் குளிர்ந்திருக்கும் மோட்டார், தெருவில் இறங்கினால் அடுப்பாகிவிடும். இன்றைக்குள் காரணம் தெரியாவிட்டால் நாளை வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.

நண்பகலில் அவர் தேடிப்போனபோது, மேம்பாலத்தின் அடியில் வண்டிகள் சிவப்பு விளக்கோடு வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் தலைக்கவசத்தைத் தலைக்கு வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். பொறியாளர் நிதானத்தின் வண்டி மோட்டாரைத் தொட்டுக் கையை உதறினார். பிறகு, செருகியிருந்த துண்டை உருவினார். விசிறிக்குக் காற்று போவதற்கென்று அவரே போட்டுவைத்த துளைகள் அத்தனையையும் அது அடைத்திருந்தது.

நிதானம் எழுந்து உட்கார்ந்தார்.

"மோட்டாருக்குச் சூடேறினா ஓய்வு குடுக்கணும்னு சுவர்ல எழுதியிருக்கு சார். எங்களுக்கு ஒண்ணும் எழுதலையே."

பொறியாளர் கைபேசியை எடுத்து முதலாளியை அழைத்தார். அன்று தான் சொன்ன யோசனை தவறு, ஓட்டுநர்களுக்கு மத்தியான ஓய்வைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தொடங்கினார். தூங்குகிறவனுக்குச் சம்பளம் கொடுக்க நான் என்ன சத்திரமா நடத்துகிறேன் என்று சீறிய முதலாளி, மோட்டார் சங்கதியை மட்டும் சொல்லச் சொன்னார்.

பொறியாளர் துண்டை மடித்து நிதானத்தின் தோளிலேயே போட்டார்.

"காரணம் தெரிஞ்சுடுச்சு சார். மோட்டாருக்கு மத்தியானத்துல ஒரு மணி நேரம் ஓய்வு வேணும்."

முதலாளியின் குரல் பதறியது.

"மோட்டாருக்கா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? ரெண்டு மணி நேரமாவே குடுத்துடுங்க."