சொல்லுக்குச் சொல்

மூன்றாவது முறையாகத் தண்ணீர் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். தாகமில்லை. காகிதக் கோப்பை ஒன்றை உருவி, நிரப்பாமலே மேலே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே ஒன்பது நாற்காலிகள். ஏழில் இருந்தவர்களுக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். கோட்டு போட்ட ஒரு பெண் அவளைப் பார்த்ததும் எழுந்து, பெயர்களை நீங்கள்தான் கூப்பிடப் போகிறீர்களா என்று அந்த நாட்டு மொழியில் மரியாதையாகக் கேட்டாள்.

இல்லையென்று தலையாட்டினாள். நாற்பத்து மூன்று வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர வந்து நின்றால் வேறென்ன கேட்பார்கள்.

எட்டாவது நாற்காலியில் அக்கா இருந்தாள். கூடப் பிறந்தவளில்லை, ஏழு வருடமாக வீட்டோடு இருக்கிறவள். மடியில் சான்றிதழ் உறை.

"உக்காரேன். கால்ல சக்கரம் கட்டின மாதிரி எதுக்குச் சுத்தற?"

உட்கார்ந்தாள். அடுத்த நிமிடமே எழுந்துவிட்டாள்.

பதினோரு வருடமாக அவளுக்கு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பு வேலை. பிழைக்க வந்த தமிழ் நோயாளிகளுக்கும் அந்த ஊர் டாக்டர்களுக்கும் நடுவில் நிற்க வேண்டும். டிரான்ஸ்லேட்டரம்மா என்பார்கள்.

டாக்டர் படிப்புக்கென்று உட்கார்ந்தது ஆறு வருடத்துக்கு முன்பு. வேதியியலைப் பேருந்திலும் இயற்பியலை வார்டு மாறும் இடைவெளிகளிலும் படித்தாள். நுழைவுத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாள். இரண்டாம் முறை அவள் கணவன், "இனிமே நம்ம பொண்ணும் நீயும் ஒரே பெஞ்சுல உக்காந்து எழுதலாம்" என்று சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. மூடி வைத்த புத்தகத்தை எடுத்து வந்து மறுபடியும் அவள் முன்னால் விரித்துவிட்டுப் போனாள். அத்தனை வருடமும் அடுப்படியும் பிள்ளையும் அக்கா பொறுப்பில்தான்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூவர். இரண்டு பேர் வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடித்தார்கள். நடுவில் இருந்த நரைத்த டாக்டரம்மாவுக்கு ஒரே கேள்விதான். இத்தனை காலம் இல்லாமல் இப்போது ஏன்?

அதற்கு மனப்பாடமாக ஒரு பதில் இருந்தது. சேவை என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் வரும். ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

மொழிபெயர்க்கிறவள் நோயாளியாகவே பேச வேண்டும். அவருக்கு வலிக்கிறது என்று சொல்லக்கூடாது, எனக்கு வலிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் குறைக்கக்கூடாது. ஒரு நாளைக்கு நூறு தடவை 'நான்' என்பாள். ஒன்றுகூட அவளுடையதல்ல.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு காலையில், தையல் ஆலையில் வேலை பார்த்த ஒருவர் மனைவியோடு அவசரப் பிரிவுக்கு வந்தார். ஐம்பது வயது. தாடையை அழுத்திப் பிடித்திருந்தார். அந்தக் குளிரிலும் கழுத்தெல்லாம் வியர்வை. என்ன செய்கிறது என்று இளம் டாக்டர் ஒருவர் கேட்டார்.

வாயு என்று பதில் வந்தது.

நம்மவர்களுக்குத் தோளில் பிடித்தாலும் வாயு, முதுகில் குத்தினாலும் வாயு, நெஞ்சை அடைத்தாலும் வாயு. அந்த நாட்டு மொழியில் அந்தச் சொல் வயிற்றைத் தாண்டி மேலே ஏறாது. அது அவளுக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது.

சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தாள். வியர்வையைப் பற்றிச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கூட்டாதே, குறைக்காதே என்ற விதியை நினைத்து விழுங்கிவிட்டாள். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். பொழுது சாய்வதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

விசாரணை வைத்தார்கள். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை என்று அவளுக்கு எழுதியே கொடுத்தார்கள். அந்தக் காகிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இனிமேல் கேள்வி கேட்கிறவளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தியிருந்தார். வாயு என்று சொன்னது அந்த நோயாளியேதானா என்று கேட்டார்.

பதில் சொல்ல ஒரு மூச்சு தாமதமானது. ஆமாம் என்றாள்.

டாக்டரம்மா எதையோ குறித்துக்கொண்டு, வகுப்பு ஆரம்பிப்பதற்குள் வேலையை விட முடியுமா என்று விசாரித்தார். இடம் கொடுக்கப் போகிறவர்களிடம்தான் அதைக் கேட்பார்கள் என்பது, கதவின் கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வெளியே அக்கா எழுந்து நின்றிருந்தாள். இடம் கிடைக்குமா என்று கேட்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரப் பத்திப் பேச்சு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

அக்கா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வாயுன்னு சொன்னது நான்தான்னு சொன்னியா?"

"இல்லக்கா. அவரே சொன்னாருன்னுட்டேன்."

அக்கா சான்றிதழ் உறையை அவள் கையில் கொடுத்தாள்.

"ஒத்துக்குவாரு" என்றாள். "நான் சொன்ன எதையும் அவர் மறுத்ததே இல்ல. அன்னைக்குக்கூட."