நாலு டிகிரியில் சூடான பை

ரத்த வங்கியில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தப் பைகளை வகை பார்த்து மட்டுமே அடுக்கி வந்தாள் அந்த டெக்னீஷியன். போன வாரம் மேலதிகாரி இரண்டு ஸ்டிக்கர் சுருள்களோடு வந்தார். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்கள் கொடுத்த பைக்குப் பச்சை, இக்கரைக்காரர்கள் பைக்கு மஞ்சள்.

"அவங்க ரத்தத்த நம்ம ஆளுங்களுக்கு ஏத்தக் கூடாதாம். மேலிடத்து உத்தரவு."

"வெட்டினா பச்சையாவும் மஞ்சளாவுமா சார் வருது?" என்று கேட்டாலும், ஒட்டத் தொடங்கினாள்.

ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் ஃப்ரிட்ஜில் ஒரு பை கூடியது. அதை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. ரத்தம் எடுத்த தேதி என்ற இடத்தில் அடுத்த மாதம் பதினான்கு என்றிருந்தது. ஃப்ரிட்ஜ் நாலு டிகிரி காட்டியது. அந்தப் பைகள் மட்டும் சூடாக இருந்தன.

"அச்சுப் பிழையா இருக்கும். ஊதிப் பெருசாக்காதம்மா" என்றார் அதிகாரி.

ஏழாம் நாள் ஒரு தட்டே நிரம்பியது. ஒரு பையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னம்மா, சுடுது!"

"இன்னும் உடம்ப விட்டு வரல சார், அதான். சிந்தறதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. ஒட்டினதையெல்லாம் கிழிச்சுப் போடுங்க."

அவளே வேறொரு பையில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பிய்த்தெறிந்தாள். அவர் கையிலிருந்த பை இல்லாமல் போனது.

அவர் வெறுங்கையைப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "உத்தரவும்மா" என்று சொல்லிவிட்டு, பிய்த்த இடத்தில் புதிதாக ஒரு மஞ்சளை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தார்.

ஃப்ரிட்ஜின் கண்ணாடிக் கதவில், உள்பக்கமாக, மெல்ல ஆவி படிந்தது.